பழைய நவஹோ வெள்ளிக் காப்பின் விலங்கு உருவங்கள்: விவரம் தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்துக் கேலப் நகரில் வாங்கிய பழைய வெள்ளிக் காப்பு ஒன்று என்னிடம் உள்ளது. நடுவே ஒரு டர்க்காய்ஸ் எனும் நீலப்பச்சைக் கல்லும், இருபுறமும் சிறகு விரித்த இடிப்பறவையும் (பழங்குடிக் கதைகளில் இடியை உண்டாக்கும் பறவை), ஓரங்களில் நெளியும் பாம்பும் அமைந்திருக்கின்றன. உட்புறத்தில் எவருடைய பெயரும் இல்லை.

மெக்ஸிகக் கொல்லர்களிடம் தொழில் கற்ற, அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்கள் தொடக்கத்தில் டாலர், பெசோ நாணயங்களை உருக்கியே நகை செய்தார்கள். 1899 முதல், ரயில் பாதையோரம் உணவகங்களும் விடுதிகளும் நடத்திய பிரெட் ஹார்வி நிறுவனம் ரயில் பயணிகளுக்கு விற்பதற்காக எடை குறைந்த நகைகளைச் செய்யச் சொல்லி வாங்கியது. பறவைக்கு இன்ன பொருள், பாம்புக்கு இன்ன பொருள் என்று அட்டை அச்சிட்டு விற்ற வழக்கமும் பெரும்பாலும் வணிகர்கள் கட்டிவிட்டதே. அதிலும், பாம்பைத் தொடுவதையே நவஹோ மரபு விலக்குவதால், அவ்வுருவம் வாங்குவோரின் ரசனைக்காகவே சேர்க்கப்பட்டிருக்கும் என்பது என் கணிப்பு. அதே பகுதியின் மற்றொரு பழங்குடியினரான சூனி மக்கள் செதுக்கும் விலங்கு உருவங்களோடு இதைக் குழப்புவோரும் உண்டு.

பறவைகள் இரண்டும் ஒரே அளவில் இருந்தாலும், ஒன்றின் இடது சிறகு மட்டும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. இது கையால் முத்திரை அடித்ததன் அடையாளமா, அல்லது தேய்ந்த இயந்திர அச்சின் விளைவா? பின்புறத்துப் பற்றாசை (உலோகத் துண்டுகளை இணைக்கும் பொடியை உருக்கி ஒட்டிய இடத்தை)ப் பார்த்துக் காலத்தைக் கணிக்க இயலுமா? குழிகளில் படிந்துள்ள கறுப்பைத் துலக்கலாமா, அப்படியே விட்டுவிட வேண்டுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.