பழைய லப்டொப்பில் பொறியியல் படித்தவர்களே, மெய்நிகர் ஆய்வுகூட அனுபவத்தைச் சொல்லுங்கள்

களுவாஞ்சிக்குடி, மாணவி:
2020 இல் கம்பஸ் மூடி ஊருக்கு வந்தபோது என்னிடம் இருந்தது அண்ணா பாவித்துவிட்டுத் தந்த 4 ஜிபி ரேம் லப்டொப். அதில் மேட்லாப் என்ற கணிப்பு மென்பொருளைத் திறப்பதற்குள் தேத்தண்ணி குடித்து முடித்துவிடலாம். பாகங்களின் தகைப்பைக் கணிக்கும் அன்சிஸ் மென்பொருளின் பக்கமே போக முடியாது. பீடத்து சேர்வரில் மெய்நிகர் கணினிகள் (வீட்டிலிருந்தே பாவிக்கக்கூடியவை) வந்த பிறகுதான் மூச்சு வந்தது. விபிஎன் (பீடத்து வலையமைப்புக்குள் போகும் பாதுகாப்பான இணைப்பு) போட்டு ரிமோட் டெஸ்க்டொப்பில் நுழைந்தால் கணிப்பு முழுக்க அங்கே நடக்கும், இங்கே வருவது திரை மட்டும்.

2022 மார்ச் கடைசி, 13 மணிநேர மின்வெட்டுக் காலம். ஒரு பீமின் (பாரம் தாங்கும் வளை) தகைப்புக் கணிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் ரவுட்டரும் நின்றது. அழுகையே வந்துவிட்டது. கரண்ட் வந்து திரும்ப நுழைந்தால் கணிப்பு முடிந்து, தகைப்பை நிறங்களால் காட்டும் படம் திரையில் நிற்கிறது! சேர்வர் நிற்காதவரை, லொக் ஓஃப் ஆகாதவரை, நம் இணைப்பு அறுந்தாலும் அங்கே வேலை ஓடும்.

அக்கரைப்பற்று, பட்டதாரி:
தங்கச்சி, அந்த வசதிதான் எங்களுக்கு வினையாகவும் வந்தது. மென்பொருள் லைசன்ஸ் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்கு என்று அளவாகத்தான் இருக்கும். லொக் ஓஃப் கொடுக்காமல் ஜன்னலை மட்டும் மூடிவிட்டுத் தூங்கப்போனவர்களின் லைசன்ஸ் அப்படியே பிடிபட்டுக் கிடந்தது. ஒப்படை கொடுக்கும் இரவில் மற்றவர்கள் வாசலிலேயே நின்றோம். அப்புறம் வரைபட மென்பொருள் ஒட்டோகேட். சிக்னல் மோசமென்றால் மவுஸ் இழுபடும். நிற ஆழத்தை 16 பிட்டுக்குக் குறைத்து, மெனுவைத் தேடாமல் கட்டளைகளை டைப் செய்து வரைந்தேன். முப்பரிமாண மாதிரியைச் சுழற்றுவதற்கு மட்டும் வழியே இல்லை.

ஆரையம்பதி, போதனாசிரியர்:
ஆய்வுகூடத்தில் கை தூக்கக் கூச்சப்படும் பிள்ளைகள் இதில், "சேர், இந்த வரியில எரர் வருது, பாருங்கோ" என்று தயங்காமல் கேட்டார்கள். அவர்களின் திரையை என் வீட்டிலிருந்தே பார்ப்பேன். அநேகமாகப் பெருக்கல் குறிக்கு முன்னால் ஒரு புள்ளி விடுபட்டிருக்கும். அது இல்லாவிட்டால் மேட்லாப் உறுப்புக்கு உறுப்பு பெருக்காது, தாயப் (மெட்ரிக்ஸ்) பெருக்கம் செய்யப் பார்க்கும்.

மின்சுற்றுச் செய்முறைக்கு மட்டும் இது போதாது. சிமுலேஷனில் வயர் தளராது. பிரெட்போர்டில் (பாகங்களைச் செருகிச் சுற்று அமைக்கும் பலகை) தளரும், அதைத் தேடிப்பிடிக்கக் கை பழக வேண்டும்.

லைசன்ஸ் சிக்கலுக்கு, துண்டிக்கப்பட்டுக் கிடக்கும் அமர்வுகளை அரை மணியில் மூடவைத்தோம். ஆனால் மின்வெட்டில் மாட்டிய பிள்ளையின் கணிப்பும் அதோடு போய்விடுகிறது. உங்கள் பீடங்களில் இதற்கு என்ன செய்கிறீர்கள்?