உதவி: ‘புக்வோர்ம்’ ‘ட்ரிக்ஸி’யாக மாறிவிட்டதாம், ‘ஒய்’ கொடுக்கலாமா?

வேப்பங்காய்:
வணக்கம். பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) ஓடுகிறது. காலையில் மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்க ‘ஆப்ட் அப்டேட்’ கொடுத்தேன். மென்பொருள் வந்து இறங்கும் ரெப்போசிட்டரியின் கோட்நேம் (பதிப்பின் செல்லப்பெயர்) புக்வோர்மிலிருந்து ட்ரிக்ஸிக்கு மாறியிருக்கிறது, ஏற்றுக்கொள்கிறீர்களா, ‘ஒய்’யா (ஆம்) ‘என்’னா (இல்லை) என்று கேட்டு நிற்கிறது. ட்ரிக்ஸி என்று நான் எதையும் போடவே இல்லை. யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா? டெர்மினலை மூடப் பயந்து அப்படியே வைத்திருக்கிறேன்.

பழைய_பெட்டி:
யாரும் புகவில்லை. இப்போதைக்கு ‘என்’ கொடுங்கள். புக்வோர்ம் என்பது உங்கள் டெபியன் 12. ட்ரிக்ஸி என்பது டெபியன் 13, 2025 ஆகஸ்டில் வந்தது. மென்பொருளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் ‘ஸ்டேபிள்’ என்று இருக்கிறதா? அது அப்போதைக்கு வெளியான பதிப்பு உட்காரும் நாற்காலியின் பெயர், ஆளின் பெயர் இல்லை. 12 எழுந்துகொண்டது, 13 உட்கார்ந்துவிட்டது.

வேப்பங்காய்:
ஆமாம், மூன்று வரியிலும் ஸ்டேபிள்தான் இருக்கிறது.

பழைய_பெட்டி:
மூன்றிலும் அந்தச் சொல்லை மட்டும் புக்வோர்ம் என்று மாற்றுங்கள். ‘ஸ்டேபிள்-செக்யூரிட்டி’ இருந்தால் ‘புக்வோர்ம்-செக்யூரிட்டி’ ஆகும். சேமித்துவிட்டு மறுபடி அப்டேட் கொடுங்கள். 13க்குப் போவதை பேக்கப் எடுத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம்.

வேப்பங்காய்:
சரியாகிவிட்டது, ரொம்ப நன்றி! அப்புறம் ஒரு சந்தேகம். யார் இந்த ட்ரிக்ஸி? 12, 13 என்று எண் போட்டால் போதாதா?

கொசுவலை:
ட்ரிக்ஸி ‘டாய் ஸ்டோரி’ படங்களில் வரும் மூன்று கொம்பு டைனோசர் பொம்மை. 1996இல் டெபியன் தலைவராக இருந்த புரூஸ் பெரன்ஸ் அப்போது அந்தப் படங்களை எடுக்கும் பிக்சாரில் வேலை பார்த்தவர். அந்த வருடம் வந்த டெபியன் 1.1க்குப் பெயர் ‘பஸ்’, அதே படத்தின் விண்வெளி வீரன் பொம்மை. 1.0 எங்கே என்று கேட்பீர்கள். அப்படி ஒன்று வெளியாகவே இல்லை. வேலை முடியாமல் கிடந்ததை ஒரு சிடி நிறுவனம் எடுத்து 1.0 என்று போட்டு அனுப்பிவிட்டது! அதனால்தான் எண்ணையே தாண்டிப் போனார்கள். தயாராகிக்கொண்டிருப்பதற்குப் பொம்மைப் பெயர் வைத்துவிட்டால், முடிந்துவிட்டது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். எண் கடைசியில் வந்தால் போதும்.

இதில் எனக்குப் பிடித்தது ‘சிட்’. முதல் படத்தில் பொம்மைகளைப் பிய்த்துப் போடுகிற பக்கத்து வீட்டுப் பையன். டெபியனில் புதிய மென்பொருள் முதலில் வந்து விழும் ‘அன்ஸ்டேபிள்’ கிளைக்கு எப்போதும் அவன் பெயர்தான், மாறவே மாறாது.

வேப்பங்காய்:
நல்லவேளை, நான் ‘சிட்’ என்று போடவில்லை.

மண்குதிரை:
நான் போட்டிருக்கிறேன். நேற்றிலிருந்து வைஃபை இல்லை. தனி இழை போடுகிறேன், வந்து பாருங்கள்.