விஎஸ் கோட்: தேடினால் எக்ஸ்டென்ஷன் வருகிறது, அப்டேட் மட்டும் ஆபீஸ் ப்ராக்ஸியில் நிற்கிறது

கேள்வி

வணக்கம். ஆபீஸ் லேப்டாப், விண்டோஸ் 11. வெளியே போகும் எல்லாமே கம்பெனி ப்ராக்ஸி (இணையத்துக்கு நடுவில் நிற்கும் இடைச் சர்வர்) வழியாகத்தான். அதன் முகவரி பேக் (PAC) ஃபைல், அதாவது எந்தத் தளத்துக்கு எந்த ப்ராக்ஸி என்று சொல்லும் ஃபைல் மூலம் வருகிறது, போர்ட் 8080. விஎஸ் கோட் என்ற நிரல் எழுதும் எடிட்டரில் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி தரும் இணைப்பு) தேடினால் பட்டியல் ஒழுங்காக வருகிறது. அப்டேட் அழுத்தினால் சிறிது நேரம் சுற்றிவிட்டு எர்ரர். ஐடி பிரிவில் கேட்டால் "மார்க்கெட்பிளேஸ் (எக்ஸ்டென்ஷன் கிடைக்கும் தளம்) ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது" என்கிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று செட்டிங்ஸில் "ப்ராக்ஸி ஸ்ட்ரிக்ட் எஸ்எஸ்எல்" (சர்வரின் சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்கும் செட்டிங்) டிக்கையும் எடுத்துப் பார்த்தேன், மாற்றம் இல்லை. ரிமோட் எஸ்எஸ்எச் (விஎஸ் கோடிலிருந்தே வேறொரு கணினியில் வேலை செய்யும் வசதி) வழியாகப் போகும் உபுண்டு சர்வரிலும் எக்ஸ்டென்ஷன் ஏறவில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பதில் 1

தேடல் வேலை செய்யுதுன்னா ப்ராக்ஸி முகவரியும் லாகினும் சரியாத்தான் இருக்கு. அதைத் திரும்பத் திரும்ப மாத்திப் பார்க்க வேண்டாம்.

தேடலும் டவுன்லோடும் ஒரே சர்வருக்குப் போறதில்லை. பட்டியல் வர்றது மார்க்கெட்பிளேஸ்.விஷுவல்ஸ்டுடியோ.காம்ல இருந்து. ஃபைல் இறங்குறது கேலரிசிடிஎன்.விஎஸ்அசெட்ஸ்.ஐஓ என்கிற வேற டொமைன்ல இருந்து. அதுலயும் எக்ஸ்டென்ஷனை வெளியிட்டவர் பேர் சப்டொமைனா முன்னாடி ஒட்டிக்கும். பைத்தான் எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு முகவரி, வேறொருத்தரோட தீமுக்கு இன்னொரு முகவரி. அதனால ப்ராக்ஸியில ஒவ்வொண்ணா சேர்த்தா முடியவே முடியாது, முன்னாடி நட்சத்திரக்குறி போட்டு வைல்ட்கார்டாத்தான் திறக்கணும். கேலரி.விஎஸ்அசெட்ஸ்.ஐஓவையும் அதே மாதிரி சேர்க்கச் சொல்லுங்க. ஐடி ஆட்கள் "மார்க்கெட்பிளேஸ் திறந்திருக்கு"ன்னு சொல்றது பொய் இல்லை, பாதி உண்மை.

இன்னொண்ணு: எக்ஸ்டென்ஷன் ஃபைலோட நீட்சி விசிக்ஸ் (VSIX), ஆனா அந்த டவுன்லோட் முகவரி டாட் விசிக்ஸ்னு முடியாது, கடைசியில "விசிக்ஸ்பேக்கேஜ்"னு ஒரு சொல்தான் இருக்கும். ஃபைல் நீட்சியை வச்சு அனுமதி எழுதியிருந்தா அது பொருந்தாது. உள்ளே இருக்கிறது ஜிப் ஃபைல்ங்கிறதால "ஜிப் தடை" விதி இருந்தா அதுல மாட்டும்.

உறுதிப்படுத்த: அவுட்புட் பேனல்ல "ஷேர்டு" லாகைத் திறந்து, தோத்துப்போன முகவரியை அப்படியே காப்பி பண்ணி கர்ல்ல (curl, கமாண்ட் மூலம் ஒரு முகவரியைத் திறந்து பார்க்கிற கருவி) போடுங்க. பவர்ஷெல்ல வெறும் "கர்ல்"னு அடிச்சா பழைய 5.1 பதிப்புல வேற கமாண்டுக்குப் போயிடும், டாட் இஎக்ஸ்இயோட அடிங்க. கர்ல் பேக் ஃபைலைப் படிக்காது. அதனால பேக் ஃபைலைத் திறந்து, அதுல "ப்ராக்ஸி"ன்னு வர்ற வரியில இருக்கிற பேரையும் போர்ட்டையும் எடுத்து மைனஸ் எக்ஸ் (-x, சின்ன எழுத்து) கூட நீங்களே கொடுக்கணும். ஒவ்வொரு டொமைனுக்கும் வேற ப்ராக்ஸி எழுதியிருக்கலாம், சரியான வரியைப் பாருங்க. "கனெக்ட் டனல்" தோல்வி, 403ன்னு வந்தா டொமைன் தடை. 407ன்னா லாகின் பிரச்சினை. சர்டிஃபிகேட் பத்தி வந்தா அது வேற கதை.

பதில் 2

அந்த ஸ்ட்ரிக்ட் எஸ்எஸ்எல் டிக்கை முதலில் திரும்பப் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் என்பது உங்கள் கணக்கின் முழு உரிமையோடு உங்கள் கணினியில் ஓடும் நிரல். அது எந்தச் சர்வரிலிருந்து வருகிறது என்று பார்க்காமல் இறக்குவது பெரிய ஆபத்து. இந்த யோசனையை எல்லா இடத்திலும் முதல் மருந்தாகச் சொல்வது வருத்தமாக இருக்கிறது.

"செல்ஃப் சைன்டு சர்டிஃபிகேட் இன் செயின்" என்று எர்ரர் வந்தால், ப்ராக்ஸி நடுவில் டிராஃபிக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கம்பெனியின் சொந்த சர்டிஃபிகேட்டால் மறுபடி மூடி அனுப்புகிறது என்று பொருள். அந்தக் கம்பெனி சர்டிஃபிகேட்டுக்கு மூலமான ரூட் சர்டிஃபிகேட்டை ஐடியிடம் வாங்கி, விண்டோஸின் "டிரஸ்டட் ரூட்" ஸ்டோரில் ஏற்ற வேண்டும். பொதுவாக ஐடியே ஏற்றியிருப்பார்கள், பிரவுசர் எர்ரர் இல்லாமல் திறப்பது அதற்கு அடையாளம். விஎஸ் கோடில் "சிஸ்டம் சர்டிஃபிகேட்ஸ்" செட்டிங் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள், இயல்பாக ஆன்தான். பிறகு எல்லா விண்டோவையும் மூடித் திறக்க வேண்டும், ஒரு விண்டோவை ரீலோட் செய்தால் போதாது.

உபுண்டுவில் ஃபைலை யுஎஸ்ஆர், லோக்கல், ஷேர் என்று போய் அதனுள் இருக்கும் சிஏ-சர்டிஃபிகேட்ஸ் ஃபோல்டரில் வைத்து, அப்டேட்-சிஏ-சர்டிஃபிகேட்ஸ் கமாண்டை சூடோவோடு ஓட்டுங்கள். இங்கே பலர் தவறுவது இரண்டு இடம்: ஃபைல் பெயர் சிஆர்டி (.crt) என்று முடிய வேண்டும், உள்ளே பெம் (PEM, எழுத்துகளாக இருக்கும்) வடிவில் இருக்க வேண்டும். விண்டோஸிலிருந்து எடுத்தது பெரும்பாலும் டெர் (DER, பைனரி) வடிவில் இருக்கும். ஓபன்எஸ்எஸ்எல்லால் மாற்றிவிட்டு வையுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கர்லில் 403 வந்தது, அதே கேலரிசிடிஎன் டொமைன். வைல்ட்கார்டு போட்டதும் விண்டோஸில் அப்டேட் ஆகிறது. ஸ்ட்ரிக்ட் எஸ்எஸ்எல்லையும் திரும்ப ஆன் செய்துவிட்டேன். உபுண்டு சர்வரில் மட்டும் இன்னும் டைம்அவுட்.

பதில் 3

டைம்அவுட்னா அந்த சர்வர் ப்ராக்ஸியைத் தேடவே இல்லை, நேரா வெளியே போகப் பார்க்குது. ரிமோட்ல இருக்கிற விஎஸ் கோட் சர்வருக்கு உங்க விண்டோஸ் பேக் ஃபைல் தெரியாது.

சுலபமான வழி: செட்டிங்ஸ்ல "டவுன்லோட் எக்ஸ்டென்ஷன்ஸ் லோக்கலி"ன்னு தேடி ஆன் பண்ணுங்க. ஃபைல் உங்க லேப்டாப்ல இறங்கி எஸ்எஸ்எச் வழியா அங்கே போகும், சர்வருக்கு இணையமே தேவைப்படாது.

எக்ஸ்டென்ஷன் ஓடும்போதும் வெளியே போகணும்னா சர்வர்ல எச்டிடிபிஎஸ் ப்ராக்ஸி (https_proxy) என்விரான்மென்ட் வேரியபிள்ல ப்ராக்ஸி முகவரியை வைக்கணும். வேரியபிள் பேர்ல எச்டிடிபிஎஸ் இருந்தாலும் அதுக்குக் கொடுக்கிற முகவரி பெரும்பாலும் எச்டிடிபின்னுதான் ஆரம்பிக்கணும். இதை மாத்தி எழுதிட்டு மணிக்கணக்கா தேடுறவங்க நிறைய. ப்ராக்ஸி வழியா போக வேண்டாத முகவரிகளுக்கான "நோ ப்ராக்ஸி" (no_proxy) வேரியபிள்ல லோக்கல்ஹோஸ்ட், 127.0.0.1 ரெண்டையும் சேர்த்துடுங்க. ப்ராக்ஸி முகவரிக்குள்ள எழுதுற பாஸ்வேர்டுல @ இருந்தா அதுக்குப் பதிலா %40, # இருந்தா %23ன்னு எழுதணும். மாத்தினதும் கமாண்ட் பேலட்ல "கில் விஎஸ் கோட் சர்வர் ஆன் ஹோஸ்ட்" கொடுத்தாத்தான் புது மதிப்பை எடுக்கும்.

ப்ராக்ஸி என்டிஎல்எம் (விண்டோஸோட லாகின் முறை) லாகின் மட்டும் ஏத்துக்கும்னா, முகவரியில பாஸ்வேர்டு எழுதியும் 407தான் வரும். அப்போ சிஎன்டிஎல்எம் மாதிரி ஒரு சின்ன லோக்கல் ப்ராக்ஸியை 3128 போர்ட்ல ஓட விட்டு, மத்ததை எல்லாம் அதுக்குத் திருப்பணும். ஆபீஸ் பாஸ்வேர்டு மாத்துற அன்னைக்கே அங்கேயும் மாத்திடுங்க. பழைய பாஸ்வேர்டோட அது திரும்பத் திரும்ப முட்டினா உங்க கணக்கே லாக் ஆகிடும்.

பதில் 4

இன்றே அவசரமாக வேண்டுமென்றால் விசிக்ஸ் ஃபைலைத் தனியாக இறக்கி "இன்ஸ்டால் ஃப்ரம் விசிக்ஸ்" கொடுக்கலாம். சி++ போன்றவற்றுக்கு விண்டோஸ், லினக்ஸ் என்று தனித்தனி ஃபைல் உண்டு, சர்வருக்கு லினக்ஸ் எக்ஸ்64 எடுங்கள். இப்படி ஏற்றிய எக்ஸ்டென்ஷனுக்கு ஆட்டோ அப்டேட் தானாக நின்றுவிடும். ப்ராக்ஸி சரியான பிறகு அந்த எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் போய் "ஆட்டோ அப்டேட்" டிக்கை நீங்களே திரும்பப் போட வேண்டும்.