குடும்பக் குழு: ஞாயிறு யமுனா ஏரிச் சிரமதானம்

சின்னவன், காலை 6.48
வணக்கம் எல்லாருக்கும். ஞாயிறு விடிய 6 மணிக்கு நல்லூர் யமுனா ஏரியில் சிரமதானம், பற்றை வெட்டிக் குப்பை அள்ளுகிறோம். படி உடைந்த இடத்தைப் பூச மேசன் ஒருவரிடமும் கதைத்துவிட்டேன், பத்துப் பை சீமெந்து போதுமாம். காசு சேர்ப்போமா?

டொரன்டோ சின்னம்மா, 6.55
இரண்டு பை என் கணக்கில் போடு தம்பி. அந்த ப வடிவக் கேணியைச் சுற்றி ஓடித் திரிந்த கால் இது. யாழ்ப்பாணத்து அரசன் யமுனைத் தண்ணீரைக் கொண்டுவந்து கலந்த கதையை அம்மம்மா சொல்லச் சொல்லக் கேட்டு, அந்தத் தண்ணீரைத் தொடவே பயந்தேன்.

பெரியப்பா, 7.20
தம்பி, துப்புரவு செய்யுங்கள், நானும் வருகிறேன். ஆனால் சீமெந்து வேண்டவே வேண்டாம். பழைய கட்டு சுண்ணாம்புக் கலவையில் எழுந்தது, அது ஈரத்தை உள்ளே இழுத்து வெயிலில் மெல்ல வெளியே விடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் போக வழியில்லாமல் உப்போடு கல்லுக்குள்ளேயே நிற்கும், உப்புக் காய்ந்து பூக்கப் பூக்கக் கல் உதிரும். எங்கள் வீட்டுக் கிணற்றுக் கட்டை நான் சீமெந்தால் பூசி, நாலு மாரியில் பூச்சும் கல்லும் சேர்ந்தே விழுந்தன.

1619 இல் போர்த்துக்கீசரிடம் யாழ்ப்பாண அரசு போய், 1621 இல் அவர்களின் தளபதி ஒலிவேரா நல்லூர்க் கோயிலையும் இடித்தான். அதற்கெல்லாம் பிறகும் நிற்கிற கேணியை நாங்கள் அன்பாலே கெடுக்கக் கூடாது.

நல்லூர் மாமி, 7.31
அப்போ உடைந்த படியை அப்படியே விடுவதா அண்ணை? போன மாரிக்கு அந்த மூலையில் இன்னும் இரண்டு கல் சரிந்தது, நான் கண்ணால் பார்த்தேன்.

பெரியப்பா, 7.44
விடச் சொல்லவில்லை பிள்ளை. 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, 1815 மார்ச் 2 க்கு முந்திய கட்டடங்களையே அது புராதனச் சின்னம் என்கிறது. அதனால் தொல்லியல் திணைக்களத்துக்கு எழுதி, அவர்கள் சொல்கிறபடி சுண்ணாம்பில் செய்ய வேண்டும். கடிதத்தை நான் எழுதுகிறேன்.

இன்னொன்று, கல் இடுக்கில் முளைத்த ஆல், அரசங்கன்றுகளை யாரும் பிடுங்க வேண்டாம், வேரோடு கல்லும் வந்துவிடும். அடியோடு அறுத்துவிடுங்கள், திரும்பத் துளிர்த்தால் திரும்ப அறுப்போம்.

சின்னவன், 7.52
விளங்குது பெரியப்பா. மேசனுக்கு இப்பவே போன் எடுத்து வேண்டாம் என்கிறேன். சின்னம்மா, உங்கள் காசுக்கு அரிவாளும் கையுறையும் வாங்கட்டுமா?

டொரன்டோ சின்னம்மா, 7.54
வாங்கு ராசா. எனக்கு வடிவாக வீடியோ எடுத்து அனுப்பு, மூன்று பக்கமும் தெரிய வேண்டும்.

பெரியப்பா, 8.03
சரிந்து கிடக்கும் கல்லை ஓரத்தில் அடுக்காதேயுங்கள். கிடக்கிற இடத்திலேயே ஒவ்வொன்றாகப் படம் எடு தம்பி, எந்தக் கல் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க அந்தப் படங்கள் வேண்டும்.

நல்லூர் மாமி, 8.10
சரி, விடியப் புட்டும் சம்பலும் நான் கொண்டு வருகிறேன். எத்தனை பேர் என்று நாளைக்குள் சொல்லுங்கள்.