சித்திரை வருது, போர் தண்ணி குறையுது: தென்னைக்கா, மாட்டுத் தட்டுக்கா?

கிளுவைவேலி:
வணக்கமுங்க. தாராபுரம் பக்கம் மூணரை ஏக்கர் செம்மண் தோட்டம். காய்ப்புல இருக்கற தென்னை 70, கலப்பின மாடு 2, காங்கேயம் மாடு 1, வெள்ளாடு கொஞ்சம். போர்ல 200 லிட்டர் டிரம் நெறைய இப்ப 4 நிமிசம் ஆகுது. மாட்டுத் தீவனத்துக்கு ஒரு ஏக்கர் சோளத்தட்டு விதைக்கலாம்னு பாத்தி கட்டி வெச்சிருக்கு. தென்னைக்கும் சேத்து இந்தத் தண்ணி தாங்குமுங்களா? சொட்டுநீர் இருக்குது, ஆனா பாதி டிரிப்பர் வெள்ளை உப்பு படிஞ்சு அடைச்சிருச்சு, அதனால வாய்க்கால்ல தான் பாயுது. இன்னொண்ணு: 10 சென்ட்ல 30 நாள் தட்டு வாடி நிக்குது. காயறதுக்குள்ள அறுத்துப் போட்டுடலாமா?

வாய்க்கால்மேடு:
முதல்ல கடைசிக் கேள்விக்குப் பதில். அந்த 30 நாள் தட்டை அறுக்கவும் வேண்டாம், ஆடு மாடு அந்தப் பக்கம் போகவும் விட வேண்டாமுங்க. இளம் சோளத்துல சயனைடு விசம் இருக்கும். தண்ணியில்லாம வாடி, வளர்ச்சி நின்ன பயிர்ல அது இன்னும் கூடும். யூரியா போட்டிருந்தா அதுக்கும் மேல. கோடை மழை பெஞ்சதும் தூர்ல பச்சைப் பசேல்னு துளிர்க்கும் பாருங்க, ஆபத்து அதுல தான் அதிகம். வேலிச் சந்துல ஆடு நுழையறதும் அப்பத்தான்.

தண்ணி காட்டிப் பூக்கற பருவத்துக்குக் கொண்டாந்து அறுத்தா பயமில்லை. தண்ணி விட வழியில்லைன்னா, நல்லா வெயில்ல உலர்த்தின பின்னாடி மத்த தட்டோட கலந்து கொஞ்சமாப் போடலாம். அப்பவும் வெறும் வயித்துல போடக்கூடாது.

தின்ன கால் மணி நேரத்துக்குள்ள மாடு வேகமா மூச்சு வாங்கும், தள்ளாடும், விழுந்து துடிக்கும். ஈறும் கண்ணோட உள்பக்கமும் செக்கச் செவேல்னு இருக்கும். வயிறு உப்புசம்னு நெனச்சு எண்ணெய் ஊத்திட்டு இருந்தா மாடு போயிரும். டாக்டருக்குப் போன் பண்ணும்போது முதல் வார்த்தையே "சோளம் தின்னுருச்சு"ன்னு சொல்லுங்க. நரம்புல போடற சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் மருந்தை எடுத்துட்டு வருவார். அவர் கிடைக்கலைன்னா கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962-க்குக் கூப்பிடுங்க.

தோப்புக்காரர்:
தண்ணிக் கணக்குக்கு வாங்க. 4 நிமிசத்துக்கு 200 லிட்டர்னா மணிக்கு 3000. காய்க்கற தென்னைக்கு மாசியில இருந்து வைகாசி வரைக்கும் சொட்டுநீர்ல நாளைக்கு 65 லிட்டர் வேணும். 70 மரத்துக்கு 4550 லிட்டர். மோட்டார் ஒன்றரை மணி நேரம் ஓடினாப் போதும்.

இப்பத் தட்டைப் பாருங்க. ஒரு ஏக்கர்ல ஒரு தண்ணி, 5 செ.மீ. நிக்கற மாதிரி பாய்ச்சறதுன்னா ரெண்டு லட்சம் லிட்டர். உங்க தோப்பு முழுசும் 44 நாள் குடிக்கற தண்ணி அது. மோட்டார் 67 மணி நேரம் ஓடணும். கோடையில தட்டுக்கு அப்படி வாரம் பத்து நாளைக்கு ஒருக்கா வேணும். அதனால ஒரு ஏக்கர் விதைப்பை இப்ப விட்டுருங்க. மும்முனைக் கரண்ட் எத்தனை மணி நேரம் வந்தாலும் அதுக்குள்ள போர் வத்தீரும்.

தென்னையைக் காயப் போட்டா நட்டம் இந்த வருசத்தோட முடியாது. குரும்பை கொட்டறது கண்ணுக்குத் தெரியும். ஆனா பாளை குருத்துக்குள்ள உருவாகறதுல இருந்து காய் முத்தற வரைக்கும் மூணு வருசத்துக்கு மேல ஆகுதுங்களே, இப்ப வாட விட்டதோட பலன் அடுத்த ரெண்டு வருசமும் காய்ப்புல தெரியும்.

வட்டப்பாத்தி 6 அடி ஆரத்துல எடுத்து மூடாக்கு போடுங்க. தேங்காய் மட்டை 100, முதுகுப்பக்கம் மேல பாத்தாப்புல அடுக்கணும். மட்டை இல்லைன்னா காஞ்ச ஓலை 15. தென்னை நார்ப் பித்து போட்டா 10 செ.மீ. உயரம். மில்லுல இருந்து புதுசா வர்ற பித்துல உப்பு இருக்கும், மழையில நனைஞ்ச பழசாப் பாத்து வாங்குங்க. டிரிப்பர் தூரை ஒட்டி வேண்டாம், மூணடி தள்ளி நாலு பக்கமும் ஒவ்வொண்ணு. 8 லிட்டர் டிரிப்பர்னா ரெண்டு மணி நேரம்.

குழாய்க்கடை:
டிரிப்பரை மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணைக் கழட்டி ஒரு சொட்டு ஆசிட் விட்டுப் பாருங்க. நுரைச்சா சுண்ணாம்பு உப்பு, ஆசிட்ல கரையும். வழவழன்னு பழுப்பா இருந்தா பாசி இல்லைன்னா இரும்பு, அதுக்கு வைத்தியம் வேற.

சுண்ணாம்புன்னா: முதல்ல பில்டரைக் கழுவிட்டு, லேட்டரல் (டிரிப்பர் மாட்டின சின்னக் குழாய்) கடைசி மூடிகளைத் திறந்து தண்ணி தெளியற வரைக்கும் விடுங்க. மூடிட்டு, பிளாஸ்டிக் வாளியில தண்ணி எடுத்து அதுல ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை மெதுவா ஊத்துங்க. ஆசிட் மேல தண்ணியை ஊத்தவே கூடாது, தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். அதை வெஞ்சுரி (சொட்டுநீர்ல உரம் உறிஞ்சிக் கலக்கற குழாய்) வழியா உறிஞ்ச விட்டு, கடைசி டிரிப்பர்ல சொட்டற தண்ணியை பி.எச். காகிதத்துல (அமிலத்தோட அளவு காட்டற காகிதம்) பாருங்க. 4 காட்டினதும் மோட்டாரை நிறுத்தி ஒரு நாள் அப்படியே விடுங்க. அடுத்த நாள் மூடியெல்லாம் திறந்து நல்லா அலசி விடணும். இந்தக் கடைசி அலசலை விட்டா, பேந்து வந்த உப்பு மறுபடி டிரிப்பர்லயே போய் உக்காந்துக்கும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே நாள்ல கலந்துறாதீங்க, குளோரின் வாயு ஆளையே சாய்ச்சிரும்.

கிளுவைவேலி:
ரொம்ப நன்றிங்க. தட்டு விதைக்கலைன்னா வைகாசி வரைக்கும் பச்சைத் தீவனத்துக்கு என்ன பண்றது? அந்த 10 சென்ட்ல கோ-5 (கம்பு நேப்பியர் தீவனப்புல்) கரணை நடலாமுங்களா?

தோப்புக்காரர்:
அந்த வாடின தட்டை எடுத்ததும் நடுங்க. 10 சென்ட்டுக்கு ஒரு தண்ணி 20,000 லிட்டர் தான், தென்னைக்குப் போக மிச்சத்துல முடியும். ஆனா முதல் அறுப்புக்கு 75 நாள் ஆகும், ஆனியில தான் கைக்கு வரும். அது வரைக்கும் உலர்ந்த தட்டை விலைக்கு வாங்கறது தான் வழி. கோடை மழைக்கு முன்னாடியே வாங்கிக் குவியலா அடுக்கி மூடுங்க, நனைஞ்ச தட்டு பூஞ்சணம் பிடிச்சிரும். தட்டை நறுக்கிப் போட்டா கழிவு குறையும். பச்சைக்கு வேலியோர அகத்தி, சூபாபுல் தழை ஒடிச்சுப் போடலாம், சூபாபுல் மட்டும் மொத்தத் தீவனத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல வேண்டாம். கொறங்காட்டுல (மேய்ச்சல் நிலம்) வெள்வேல் மரம் இருந்தா இப்பக் காய் உதிரும், பொறுக்கி வெச்சு ஆட்டுக்குப் போடுங்க. கறவை மாட்டுக்குக் குடிக்கறதுக்கே ஒண்ணுக்கு 60 லிட்டருக்கு மேல தண்ணி வேணும், அந்தத் தொட்டியை நெழல்ல வைங்க.