விக்ஸ்பர்க் குகைகளை வெட்டியவர்கள்

போன வருடம் டல்லாஸிலிருந்து அட்லாண்டாவுக்குக் காரில் போனபோது வழியில் விக்ஸ்பர்க்கில் நிறுத்தினோம். மகள் கொஞ்ச நேரம் ஓடியாடட்டும், ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தோம். சாயங்காலம் வரை அங்கேயே இருந்துவிட்டோம். அன்று பார்த்ததையும், ஒரு பெரியவர் சொன்னதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

மிசிசிப்பி ஆற்றங்கரையில் மேட்டின்மேல் இருக்கிற ஊர் இது. அடிமை முறையை விடாமல் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்கு மாநிலங்களுக்கும் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இந்த ஊர் யார் கையிலோ ஆறும் அவர்கள் கையில் என்ற நிலை. 1863 மே 18 முதல் ஜூலை 4 வரை, 47 நாட்கள், ஜெனரல் கிராண்டின் வடக்குப் படை ஊரை வளைத்துக்கொண்டு நின்றது. உள்ளே பெம்பர்ட்டன் தலைமையில் சுமார் 30,000 தெற்கு வீரர்கள், கூடவே சில ஆயிரம் ஊர்மக்கள். தரைப் பக்கம் பீரங்கி, ஆற்றுப் பக்கம் படகுகளிலிருந்து மார்ட்டர் குண்டு. பெரிய குண்டு ஒன்று கிட்டத்தட்ட 90 கிலோ எடை. ராத்திரியில் அதன் திரி எரிந்துகொண்டே வானத்தில் வருவது கண்ணுக்குத் தெரியுமாம்.

வீட்டில் இருக்க முடியாமல் மக்கள் மண்ணுக்குள் போனார்கள். அதற்கு அந்த ஊர் மண் இடம் கொடுத்தது. காற்று கொண்டுவந்து குவித்த மஞ்சள் மண், லோயெஸ் என்பார்கள். மண்வெட்டி சுலபமாக இறங்கும், செங்குத்தாக வெட்டினாலும் சரியாமல் நிற்கும். இப்போதும் ரோட்டோரங்களில் வெட்டிய கரை சுவர் மாதிரி நிற்கிறது. மகள் விரலால் சுரண்டிப் பார்த்தாள், முல்தானி மிட்டி போல மாவாக உதிர்ந்தது. இந்த மண்ணில் சுமார் 500 குகைகள் தோண்டியிருக்கிறார்கள். சிலது ஒரு குடும்பத்துக்கு, சிலது பல குடும்பங்கள் சேர்ந்து தங்கும் அளவுக்குப் பெரியது. கட்டில், கம்பளம், நாற்காலி எல்லாம் உள்ளே போயிருக்கிறது. சமையல் மட்டும் வாசலில். குண்டு போடுகிறவர்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில் சத்தம் கொஞ்சம் ஓயும், அந்த இடைவெளியில்தான் வெளியே நடமாட்டம். குகைக்குள் குழந்தைகளும் பிறந்திருக்கின்றன.

சாப்பாடு போகப்போகச் சுருங்கியது. கோதுமை மாவு தீர்ந்ததும் காராமணியை அரைத்து ரொட்டி சுட்டிருக்கிறார்கள். மேலே ரப்பர் மாதிரி இழுக்கும், உள்ளே மாவு பச்சையாகவே இருக்கும். "ஊறவைத்து அரைத்து ஆவியில் வேகவைத்திருந்தால் வயிற்றுக்காவது ஒத்துக்கொண்டிருக்கும்" என்று என் மனைவி வருத்தப்பட்டாள். கடைசி நாட்களில் கோவேறு கழுதை இறைச்சி. செய்தித்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லாமல் சுவரில் ஒட்டும் பூப்போட்ட காகிதத்தின் பின்பக்கத்தில் அச்சடித்தார்கள். ஜூலை 2 தேதியிட்ட இதழில், முயலைச் சமைக்க முதலில் முயலைப் பிடிக்க வேண்டும் என்று கிராண்டைக் கேலி செய்திருந்தார்கள். இரண்டு நாளில் ஊர் சரணடைந்தது. உள்ளே வந்த வடக்கு வீரர்கள் அதே அச்சுக்கோர்ப்பில், கிராண்ட் முயலைப் பிடித்துவிட்டார் என்று ஒரு குறிப்பைச் சேர்த்து மறுபடி அச்சடித்தார்கள்.

போர்க்களப் பூங்காவில் இல்லினாய் மாநில நினைவு மண்டபத்துக்கு 47 படிகள், முற்றுகை நாள் ஒன்றுக்கு ஒரு படி. மகள் எண்ணிக்கொண்டே ஏறினாள். அதுவரை என் மனதில் குகைக்குள் இருந்த பெண்கள்தான் நிறைந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு எப்படிச் சமாளித்தார்கள், எவ்வளவு துணிச்சல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கறுப்பின வீரர்களுக்கு 2004ல் வைத்த நினைவுச் சின்னத்துக்குப் போனோம். இரண்டு வீரர்களும் ஒரு வயல் வேலைக்காரரும் நிற்கிற சிலை. நடுவில் இருப்பவருக்குக் காயம், மற்ற இருவரும் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். வயல் வேலைக்காரர் மட்டும் வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறார். பக்கத்தில் எழுபது வயது தாண்டிய ஒரு கறுப்பினப் பெரியவர் நின்றிருந்தார். எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்தவர், "குகை பார்த்தீர்களா?" என்றார்.

"படத்தில் பார்த்தோம்."

"யார் வெட்டினார்கள் என்று படத்தில் தெரிந்ததா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கோபமே இல்லாமல், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். வெட்டியதில் பெரும்பங்கு கறுப்பின மக்களுடையது. அளவைப் பொறுத்து ஒரு குகைக்கு 30 முதல் 50 டாலர் வரை கூலி. ஆனால் அடிமையாக இருந்தவரின் கூலி சட்டப்படி எஜமானுக்குச் சொந்தம். வாசலில் அடுப்பு மூட்டியதும் தண்ணீர் எடுத்து வந்ததும் பெரும்பாலும் அவர்கள்தான். அவருடைய பாட்டிக்குப் பாட்டி அப்படி ஒரு குகை வாசலில் சமைத்தவர் என்று அவர்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்களாம்.

தெற்கில் அடிமைகளாக இருந்தவர்களுக்கு விடுதலை என்று அறிவித்த பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்றே வந்துவிட்டது. ஆனால் வடக்குப் படை வந்து சேர்கிற இடத்தில்தான் அது நடப்புக்கு வரும். அதனால் ஜூலை 4 அந்த ஊரில் இரண்டு விதமான நாள். வெள்ளையர்களில் பலர் அதைத் தோல்வி நாளாக நினைத்துப் பல காலம் கொண்டாடாமலே இருந்தார்கள். கறுப்பின மக்கள் கொண்டாடினார்கள். "எங்கள் வீட்டில் அந்தப் பாட்டிக்காக அன்றைக்கு ஒரு தட்டு கூடுதலாக வைப்போம்" என்றார். முற்றுகை நடந்தபோது ஜூன் 7 அன்று ஆற்றின் மேல்போக்கில் மில்லிகன்ஸ் பெண்ட் என்ற இடத்தில், அப்போதுதான் அடிமைத்தளையிலிருந்து வெளியே வந்தவர்கள் சரியான பயிற்சிகூட இல்லாமல் துப்பாக்கி பிடித்து நின்றதையும் அவர்தான் சொன்னார். விக்ஸ்பர்க்கில் உள்ள தேசிய மயானத்தில் சுமார் 17,000 வடக்கு வீரர்கள் கிடக்கிறார்கள். சுமார் 13,000 பேருக்குப் பெயர் தெரியாது, கல்லில் வெறும் எண்தான்.

மகள் கேட்டாள்: "அந்தப் பாட்டி, குண்டு வரும்போது எங்கே போவாங்க?"

அவர் குனிந்து அவளைப் பார்த்துச் சொன்னார்: "வீட்டுக்காரம்மா கூப்பிட்டால் உள்ளே, கூப்பிடாவிட்டால் வெளியே. எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள், கண்ணு."

காரில் ஏறின பிறகு ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

*

ரிச்மண்டிலிருந்து எழுதுகிறேன்:

விக்ஸ்பர்க் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் ஊர் நினைவு வந்தது. நான் இங்கே நர்ஸ். தினமும் நடக்கப் போகிற சிம்பராஸோ மேட்டில் போரின்போது பெரிய ராணுவ ஆஸ்பத்திரி இருந்தது, மொத்தம் 76,000 பேர் வரை அங்கே சிகிச்சைக்கு வந்தார்கள். தெற்கின் தலைநகரம் என்பதால் சுமார் 38,000 பேர் இருந்த ஊரில் ஒரு லட்சத்துக்கு மேல் கூடிவிட்டார்கள். விலை ஏறிக்கொண்டே போனது. 1863 ஏப்ரல் 2 அன்று நூற்றுக்கணக்கான பெண்கள் ஆளுநரிடம் முறையிட்டுப் பலனில்லாமல், கோடாலியோடு கடைகளை உடைத்து மாவையும் பன்றி இறைச்சியையும் எடுத்துப் போனார்கள். தெற்கின் ஜனாதிபதி ஜெஃபர்சன் டேவிஸே வண்டிமேல் ஏறிநின்று பையிலிருந்த காசை அவர்களை நோக்கி எறிந்தார், கலையாவிட்டால் சுடுவார்கள் என்றும் எச்சரித்தார். பிள்ளைக்குச் சாப்பாடு இல்லாதவளிடம் அப்படிச் சொன்னதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

கடல் வழியை வடக்குக் கப்பல்கள் அடைத்ததால் காபிக்கொட்டையும் வரவில்லை. ரை என்ற தானியம், சர்க்கரைவள்ளி, சிக்கரி என்று எதையெல்லாமோ வறுத்திருக்கிறார்கள், வெண்டை விதையும் அதில் ஒன்று. கூட வேலை பார்க்கும் கறுப்பின அக்கா ஒருவர், முற்றின வெண்டைக்காயைக் கீழே போடாதே, விதையை எடு என்று சொல்லிக்கொடுத்தார். வெண்டை ஆப்பிரிக்காவிலிருந்து அவர் முன்னோரோடு வந்த காய், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சமையலறையில் தெரிந்திருந்ததும் அவர்களுக்குத்தான். இரும்புச் சட்டியில் கருகாமல் வறுத்து, மிக்ஸியில் பொடித்து, நம் ஃபில்டரில் போட்டேன். வாசனை காபியை ஒட்டியே இருந்தது. ஒரு டப்பா பொடியை அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "எங்க பாட்டி வீட்டு அடுக்களை" என்றார்.