நாலு பேர் சேர்ந்து ஆன்லைன்ல வார்கேம் ஆட வீட்டு பிசி: எதை மாத்தணும்?

பகடை6

வணக்கம். நாலு பேர், நாலு வீடு, ஹோஸ்ட் என் மெஷின். ஆடுறது: ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 (மோட், அதாவது ரசிகர்கள் செஞ்ச மாற்றம் போட்டு), காம்பாட் மிஷன், வாஸல்ல (போர்டு ஆட்டங்களை பிசில ஆட வைக்கற சாஃப்ட்வேர்) ஹெக்ஸ் போர்டு ஆட்டங்கள், அப்புறம் லேன் (ஒரே இடத்து நெட்வொர்க்) தவிர வேற எதுவும் தெரியாத 90கள் ஆட்டம் ஒண்ணு.

மெஷின்: 6 கோர் ஐ5, 8 ஜிபி ரேம் (ஒரே ஸ்டிக்), 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. ரவுட்டர் அடுத்த ரூம்ல, வைஃபை. டவுன்லோடு 100, அப்லோடு 20 எம்பிபிஎஸ்.

சிக்கல் மூணு. காம்பாட் மிஷன்ல நான் ஹோஸ்ட் பண்ணா யாராலயும் உள்ளே வர முடியல, ரவுட்டர்ல போர்ட் திறந்தும் அதே கதை. ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன்ல 1941 தாண்டினதும் அவுட் ஆஃப் சிங்க். பேசும்போது குரல் விட்டு விட்டு வருது. கிராஃபிக்ஸ் கார்டை மாத்தினா சரியாகுமா?

செப்புக்கம்பி

கிராஃபிக்ஸ் கார்டைத் தொடாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுகூட அதன் குற்றம் இல்லை.

முதலில் வைஃபையா, லைனா என்று பிரித்துப் பாருங்கள். கமாண்ட் பிராம்ப்ட் இரண்டு திறக்கவும். ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கு (ஐபிகான்ஃபிக் கட்டளையில் டிஃபால்ட் கேட்வே என்று வருவது), இன்னொன்றில் 8.8.8.8க்கு, நிறுத்தும்வரை ஓடும்படி பிங் (பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) விடவும். பத்து நிமிடம் ஓடட்டும். ரவுட்டருக்குப் போகும் பிங் கேபிளில் 1 மில்லிசெகண்டுக்குள் நிற்க வேண்டும். வைஃபையில் 3, 4 என்று போய் திடீரென்று 80, 150 என்று துள்ளினால் கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ரவுட்டர் அசையாமல் நின்று 8.8.8.8 மட்டும் துள்ளினால் லைன், அல்லது அப்லோடு நெரிசல்.

குரல் விட்டு விட்டு வருவதற்கு வேகக் குறைவு காரணமாக இருக்க வாய்ப்பே இல்லை. டிஸ்கார்டு குரல் சேனலின் வழக்கமான அளவு 64 கேபிபிஎஸ். நீங்கள் ஒரே ஓட்டம்தான் மேலே அனுப்புகிறீர்கள், கீழே மூன்று வருகிறது. 20 எம்பிபிஎஸ் முன்னால் அது தூசு. பாக்கெட் தாமதமாகவோ தாறுமாறாகவோ வருவதுதான் குரலை வெட்டுகிறது. ஆகவே:

ரவுட்டரிலிருந்து மெஷினுக்கு கேட் 5இ கேபிள் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாங்கும், அதற்கு மேல் விலை கொடுத்து கேட் 7, கேட் 8 வாங்குவது வீண். கேபிள் முடியாதென்றால் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5க்கு மாறுங்கள். சுவர் ஒன்றுதான் நடுவில் என்றால் 5 எட்டும்.

அடுத்து, பிங் ஓடும்போதே ஒரு பெரிய ஃபைலை கிளவுடுக்கு ஏற்றிப் பாருங்கள். பிங் 20 மில்லிசெகண்டிலிருந்து 300க்கு ஏறினால் அப்லோடு வரிசை நிரம்பி வழிகிறது என்று பொருள். வீட்டில் யாராவது ஒருவரின் ஃபோன் புகைப்படங்களை பேக்கப் எடுத்தால் போதும், நால்வரின் ஆட்டமும் இழுக்கும். ரவுட்டரில் எஸ்கியூஎம் வசதி (வரிசை நிரம்பாமல் பாக்கெட்டுகளை ஒழுங்குபடுத்துவது) இருந்தால் அதை இயக்கி, அப்லோடு வரம்பை அளந்த வேகத்தில் 85–90 சதவீதமாக வையுங்கள். உங்களுக்கு 17 அல்லது 18. வேகம் கொஞ்சம் போகும், தாமதம் அடங்கும். இந்த வகை ஆட்டங்களுக்கு அது லாபமான பேரம். எஸ்கியூஎம் இல்லாத ரவுட்டர் என்றால் ஆடும் நேரத்தில் பேக்கப்களை நிறுத்துவதுதான் வழி.

இனி ஹோஸ்டிங். காம்பாட் மிஷன் 7023ஆம் போர்ட்டில் நேரடியாக இணைவது. போர்ட் திறந்தும் வரவில்லை என்றால் சந்தேகம் நான்கு.

ஒன்று, மெஷினின் உள் முகவரி மாறியிருக்கும். நீங்கள் 192.168.1.5க்குத் திறந்தீர்கள், மறுநாள் ரவுட்டர் 192.168.1.9 கொடுத்துவிட்டது. ரவுட்டரின் டிஎச்சிபி ரிசர்வேஷன் அமைப்பில், எப்போதும் அதே எண் கிடைக்கும்படி முகவரியைக் கட்டிப்போடவும். கேபிளுக்கு மாறினால் மேக் முகவரியும் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மாறும், ரிசர்வேஷனைப் புதிதாகப் போட வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு ரவுட்டரைத் திட்டுகிறார்கள்.

இரண்டு, விண்டோஸ் ஃபயர்வால். முதல் முறை ஆட்டம் திறக்கும்போது அனுமதி கேட்கும். அப்போது கேன்சல் அழுத்தினால் சும்மா போகாது, அந்த ஆட்டத்துக்குத் தடை விதி ஒன்றை எழுதிவைத்துவிடும். தடை விதி அனுமதி விதியை வெல்லும், எனவே பிறகு எத்தனை அனுமதி சேர்த்தாலும் பலன் இல்லை. அட்வான்ஸ்டு ஃபயர்வாலில் இன்பவுண்ட் ரூல்ஸ் பட்டியலில் அந்த ஆட்டத்தின் பெயரில் சிவப்புக் குறி உள்ளதை எல்லாம் அழித்துவிட்டு, திரும்பத் திறந்து அனுமதி கொடுங்கள். ஃபயர்வாலை மொத்தமாக அணைக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள்.

மூன்று, ரவுட்டருக்கு மேல் ரவுட்டர். நெட் கம்பெனி கொடுத்த பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கியது ஒன்று என்றால் முகவரி மாற்றம் இரண்டு முறை நடக்கும். முதல் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலை செய்யாமல் லைனை மட்டும் கடத்தும் நிலை) போட வேண்டும்.

நான்கு, சிஜிநாட்: நெட் கம்பெனி ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் உள்ள வான் (WAN, இணையத்தை நோக்கிய பக்கம்) முகவரியையும், 'என் ஐபி என்ன' என்று காட்டும் தளங்கள் சொல்லும் முகவரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் பிரச்சினை இல்லை. வான் முகவரி 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் சிஜிநாட்டேதான். உங்கள் ரவுட்டரில் நீங்கள் என்ன திறந்தாலும் வாசல் உங்கள் கையில் இல்லை.

அறுகோணம்

நெட்வொர்க்கைச் செப்புக்கம்பி அண்ணன் அலசிட்டார். நான் சிங்க் விஷயத்துக்கு வர்றேன்.

இந்த மாதிரி பெரிய ஸ்ட்ராட்டஜி ஆட்டங்கள்ல ஹோஸ்ட் எல்லா டிவிஷனோட நிலையையும் நொடிக்கு நொடி அனுப்புறதில்ல. கட்டளை மட்டும்தான் நெட்ல போகும். ஒவ்வொரு மெஷினும் அதே கணக்கைத் தனியா போட்டு அதே விடைக்கு வரணும். ஒரு மெஷின்ல விடை கொஞ்சம் விலகினாலும் அவுட் ஆஃப் சிங்க். இதுலேர்ந்து ரெண்டு விஷயம் புரிஞ்சுக்கலாம்: நெட் வேகம் பெருசா வேண்டாம், ஆனா நாலு மெஷின்லயும் ஆட்டம் அச்சுப் பிசகாம ஒண்ணா இருக்கணும். இன்னொண்ணு, நாலுல எது மெதுவோ அதுதான் எல்லாருக்கும் வேகம். உங்க மெஷினை என்ன உயர்த்தினாலும், ஒருத்தர் பேட்டரியில லேப்டாப் ஓட்டினா 1943ல எல்லாரும் அவருக்காகக் காத்திருப்பீங்க. அவரை சார்ஜர் போடச் சொல்லுங்க, பவர் மோடை உயர்ந்த செயல்திறனுக்கு மாத்தச் சொல்லுங்க. அப்படியும் பின்தங்கினா ஹோஸ்ட் வேகத்தை 3க்கு இறக்கணும். 5ல வச்சு அடிக்கடி நிக்கிறதைவிட 3ல சீரா ஓடுறது சீக்கிரம் முடியும்.

ஆட்டம் தொடங்குமுன் மெயின் மெனுல இருக்கற நாலெழுத்து செக்சம்மை (ஆட்டமும் மோடும் ஒண்ணான்னு காட்டற குறியீடு) எல்லாரும் வாய்விட்டுப் படிங்க. ஒரு எழுத்து மாறினாலும் லாபிக்கே போகாதீங்க. மாறினா பெரும்பாலும் மோட்தான். ஸ்டீம் வொர்க்ஷாப் மோட் ஒருத்தருக்கு அப்டேட் ஆகியிருக்கும், இன்னொருத்தருக்கு ஆகியிருக்காது. நீண்ட ஆட்டத்துக்கு நல்ல வழி: ஹோஸ்ட் அந்த மோட் ஃபோல்டரை லோக்கல் மோடா காப்பி எடுத்து, ஜிப் பண்ணி மத்த மூணு பேருக்கும் கொடுக்கறது. ஆட்டத்துக்கே பேட்ச் வந்தா, ஸ்டீம்ல பிராப்பர்ட்டீஸ் போய் பீட்டாஸ் பகுதியில பழைய பதிப்பைப் பிடிச்சு வைங்க, நாலு பேரும் அதே எண். டிஎல்சி (தனியா விக்கற கூடுதல் பகுதி) பத்திக் கவலை வேண்டாம், ஹோஸ்டிடம் இருக்கறது எல்லாருக்கும் பொதுவாகும்.

அவுட் ஆஃப் சிங்க் வந்தா அந்த ஒருத்தர் மட்டும் திரும்ப நுழையறது தற்காலிக ஒட்டு. ஹோஸ்ட் சேவ் பண்ணி, எல்லாரும் டெஸ்க்டாப்புக்கு வெளியே வந்து, ஆட்டத்தைப் புதுசா திறந்து, அந்த சேவிலிருந்து ஹோஸ்ட் பண்ணுங்க. லாபிக்கு மட்டும் வந்தா பழைய குப்பை மெமரியில தங்க வாய்ப்பு உண்டு. எப்பவும் ஒரே ஆள்தான் விலகறார்னா அவர் ரேமைச் சந்தேகப்படுங்க. எக்ஸ்எம்பி (ரேமை வேகமா ஓட்டற அமைப்பு) ஏத்தின ரேம் நிலையில்லாம இருந்தா கணக்கு பிசகும், ஆனா விண்டோஸ் விழாது, அதனால யாரும் கவனிக்க மாட்டாங்க. ரேமைச் சோதிக்கற மெம்டெஸ்ட்86 ஒரு ராத்திரி ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் எக்ஸ்எம்பியை அணைச்சுட்டு மறுபடி சோதிங்க.

பணம் செலவழிச்சே ஆகணும்னா 8 ஜிபி ஒத்தை ஸ்டிக்கை எடுத்துட்டு 2×8 ஜோடி போடுங்க. நாலு ஸ்லாட் போர்டுல பெரும்பாலும் பிராசசர்லேர்ந்து ரெண்டாவதும் நாலாவதும், ஆனா போர்டு கையேட்டைப் பாத்துக்கங்க. இருக்கற ஸ்டிக்கோட புதுசா ஒண்ணைச் சேர்த்தாலும் ஓடும்தான், ஜோடி பொருந்தலைன்னா மேலே சொன்ன பிசகுக்கு அதுவே வழி.

பகடை6

நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். வான் முகவரி 100.72ல தொடங்குது, வெளியே வேற முகவரி காட்டுது. ரவுட்டர் பிங் வைஃபைல 2லேர்ந்து 140 வரை துள்ளுது. கேபிள் இழுக்கறேன். சிஜிநாட்டுக்கு என்ன பண்றது? டெயில்ஸ்கேல் (வேற வேற வீட்டு மெஷின்களை ஒரே தனி நெட்வொர்க்கா இணைக்கற விபிஎன்) போட்டா பழைய லேன் ஆட்டமும் ஓடுமா?

செப்புக்கம்பி

குரல் பிரச்சினைக்கு விடை கிடைத்துவிட்டது. சிஜிநாட்டுக்கு நெட் கம்பெனியிடம் பப்ளிக் ஐபி கேட்டுப் பார்க்கலாம். அதற்கு முன் சுலப வழி, சிஜிநாட் இல்லாத நண்பர் யாராவது காம்பாட் மிஷனை ஹோஸ்ட் செய்வது. ஸ்டீம் வழியாக இணையும் ஆட்டங்களுக்கு இதெல்லாம் பொதுவாகத் தேவைப்படாது.

அதுவும் முடியாவிட்டால் விபிஎன். டெயில்ஸ்கேல் காம்பாட் மிஷனுக்குப் போதும், நண்பர்கள் உங்கள் டெயில்ஸ்கேல் முகவரியைத் தட்டினால் சரி. அதுவும் 100ல்தான் தொடங்கும், வான் முகவரியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆனால் பழைய லேன் ஆட்டம் "யாராவது இருக்கீங்களா?" என்று பிராட்காஸ்ட் அனுப்பித்தான் ஹோஸ்டைத் தேடும். டெயில்ஸ்கேல் பிராட்காஸ்ட்டைக் கடத்தாது, பட்டியல் காலியாகவே நிற்கும். ஐபி தட்ட இடம் கொடுக்கும் ஆட்டம் என்றால் தப்பித்தீர்கள்.

ரிசர்வ்_படை

லேன் ஆட்டத்துக்கு ஜீரோடயர்னு இன்னொரு விபிஎன் போடுங்க. அது ஒரே சுவிட்ச்ல எல்லா மெஷினையும் செருகின மாதிரி, பிராட்காஸ்ட்டும் போகும்.

ஹோஸ்ட் தளத்துல நெட்வொர்க் உருவாக்கினா 16 எழுத்து ஐடி வரும். நாலு பேரும் அதைப் போட்டுச் சேரணும். சேர்ந்ததும் வேலை முடியல, ஹோஸ்ட் நிர்வாகப் பக்கத்துல ஒவ்வொருத்தரையும் டிக் பண்ணி அனுமதிக்கணும். அதுவரை முகவரி கிடைக்காது, "கனெக்ட் ஆகல"ன்னு பாதிப் பேர் அங்கேயே நிப்பாங்க.

அப்புறமும் ஆட்டம் தெரியலைன்னா, அது தப்பான நெட்வொர்க் கார்டு வழியா கூவிட்டிருக்கு. ஜீரோடயர் அடாப்டரோட ஐபிவி4 பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஆட்டோமேட்டிக் மெட்ரிக் டிக்கை எடுத்துட்டு 1 போடுங்க. நாலு மெஷின்லயும். அந்த நெட்வொர்க்கை விண்டோஸ் பப்ளிக்னு வகைப்படுத்தியிருந்தா பிரைவேட்டா மாத்துங்க, இல்லைன்னா ஃபயர்வால் விழுங்கிடும்.

90கள் ஆட்டம்னா டைரக்ட்பிளே (பழைய ஆட்டங்களோட நெட்வொர்க் பகுதி) கேட்கலாம். விண்டோஸ் ஃபீச்சர்ஸ், லெகசி காம்பொனன்ட்ஸ், அதுக்குள்ள டைரக்ட்பிளே டிக்.

வரைபடப்புழு

வாஸலை யாரும் தொடவில்லையே. அதற்கு ஹோஸ்டே வேண்டாம், எல்லாரும் வாஸல் சர்வரில் ஒரே ரூமில் நுழைந்தால் போதும், சிஜிநாட் தொல்லை கிடையாது. விண்டோஸ் இன்ஸ்டாலரிலேயே ஜாவா வந்துவிடும், தனியாகப் போட வேண்டியதில்லை.

மாட்யூல் (வாஸலில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உரிய ஃபைல்) பதிப்பு நால்வருக்கும் ஒன்றாக இருக்கட்டும், எக்ஸ்டென்ஷன்களும். ரூமுக்குள் வந்தவர் காலி மேப்பைப் பார்த்தால், ஏற்கனவே ஆட்டம் திறந்திருப்பவரின் பெயரில் ரைட் கிளிக் செய்து சிங்க்ரனைஸ் கொடுக்க வேண்டும். பெரிய மேப் மாட்யூல் திறக்கும்போது மெமரி போதவில்லை என்றால் பிரிஃபரன்ஸில் ஜேவிஎம் ஹீப்பை (வாஸலுக்கு ஒதுக்கும் மெமரி, எம்பியில்) 512லிருந்து 1024 ஆக்குங்கள். முதல் முறை மேப்பைத் துண்டுபோட நேரம் எடுக்கும், தொங்கிவிட்டது என்று மூடாதீர்கள். நால்வரும் முந்தைய நாளே ஒருமுறை திறந்துவைத்தால் ஆட்ட நேரம் மிஞ்சும்.

காம்பாட் மிஷனுக்கும் ஒரு வார்த்தை: நாலு பேருக்கும் நேரம் ஒத்துவராத வாரங்களில் மின்னஞ்சல் ஆட்டம்தான் கை கொடுக்கும். அது எப்போதும் ஒருவருக்கு ஒருவர்தான், எனவே இரண்டு ஜோடியாகப் பிரியுங்கள். அவுட்கோயிங் ஈமெயில் ஃபோல்டரில் விழும் ஃபைலை எதிராளியின் இன்கமிங் ஈமெயில் ஃபோல்டருக்குச் சேர்ப்பதுதான் மொத்த வேலை. பகிர்ந்த கிளவுட் ஃபோல்டர் வைத்தால் சிங்க் முடிந்த குறி வந்த பிறகே ஆட்டத்தில் திறங்கள். பாதி வந்த ஃபைலைத் திறந்தால் பிழை காட்டும், டர்ன் கெட்டுவிட்டதென்று அனுப்பியவரை மறுபடி ஆட வைத்துவிடுவீர்கள்.